ஓ லெவல்: மாண்டுபோன பரீட்சையும் மாளாத கோடும்

1990-ஆம் ஆண்டின் இறுதியில் மார்கரெட் தாட்சர் பதவியை விட்டு விலகி, ஜான் மேஜர் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாகப் பொறுப்பேற்றபோது, அவருடைய பொருளாதாரக் கொள்கை என்ன, ஐரோப்பிய விவகாரங்களில் அவருடைய அபிப்பிராயம் என்ன என்பன போன்ற கேள்விகளோடு கூட, ஆக்ஸ்போர்டையோ கேம்பிரிட்ஜையோ எட்டிப் பார்க்காமல், சர்வகலாசாலை என்ற வாசற்படியையே மிதிக்காமல், இளம் வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய இந்த மனிதர் மொத்தம் எத்தனை ஓ லெவல் தேறியவர் என்ற கேள்வியும் அந்நாட்டுப் பத்திரிகைக்காரர்களை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. 1959-இல் பள்ளியை விட்டபோது அவர் கையில் இருந்தவை சரித்திரம், ஆங்கில மொழி, ஆங்கில இலக்கியம் ஆகிய மூன்று. பிற்பாடு தபால் வழியில் படித்து பிரிட்டிஷ் அரசியலமைப்பு, கணிதம், பொருளாதாரம் என்று மேலும் மூன்றைச் சேர்த்துக்கொண்டார். தேசத்தின் நிதி மந்திரியாக ஓராண்டுக் காலம் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்து முடித்த ஒருவரிடம் போய், கணிதத்தில் தேறினீர்களா, எப்போது தேறினீர்கள் என்று விசாரிப்பது எவ்வளவு விநோதம் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இதில் இன்னும் பெரிய விநோதம் ஒன்று உண்டு. அந்தக் கேள்வி எழுந்த வேளையில் ஓ லெவல் என்ற பரீட்சையே இங்கிலாந்தில் உயிரோடு இல்லை. 1951-இல் பிறந்த அது 1987-ஆம் ஆண்டுக் கோடையோடு முடிந்துபோயிருந்தது. ஆயினும் வங்கி மானேஜரும், ஆஸ்பத்திரி நர்ஸும், சர்க்கார் குமாஸ்தாவும் தங்களையும் தங்களைச் சுற்றியிருப்பவர்களையும் அளந்துகொள்வதற்கு அதைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு பரீட்சையை ஒழிப்பதற்கு மந்திரி ஒருவரின் உத்தரவு போதும். அந்தப் பரீட்சை ஜனங்களின் மனத்தில் இழுத்துவிட்ட கோட்டை அழிப்பதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் போதாது என்பதற்கு இந்த ஓ லெவலின் கதையைக் காட்டிலும் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பெயர் மாறி, எழுத்து எண்ணாகி, நூறு ஆண்டுகளாக அந்த ஒரே கோடு நின்றுகொண்டிருக்கிறது. அதன் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதன் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமானால் ஓ லெவலுக்கு முந்திய காலத்துக்குப் போக வேண்டும். முதல் மகா யுத்தம் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில், சர்வகலாசாலைகள் ஆளுக்கொரு விதமாக நடத்திக்கொண்டிருந்த பள்ளிப் பரீட்சைகளை ஒழுங்குபடுத்துவதற்காக இங்கிலாந்தில் ஒரு கவுன்சில் நிறுவப்பட்டு, அதன் மேற்பார்வையில் ஸ்கூல் சர்டிபிகேட் என்ற பரீட்சை நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதில் எழுதும் இந்தப் பரீட்சையில் பாடம் பாடமாகத் தேறுவது என்ற பேச்சே கிடையாது. ஆங்கிலம், பிறமொழி, கணிதம் அல்லது விஞ்ஞானம் என்ற தொகுதிகளில் குறிப்பிட்ட பாடங்களை ஒரே மூச்சில் தேறினால்தான் சர்டிபிகேட்; இலக்கியத்தில் சூரப்புலியாக இருந்தாலும் தொகுதி ஒன்றில் சறுக்கி விழுந்த பையனுக்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. தேறியவர்களுக்குள்ளும் தராதரம் உண்டு. வெறும் பாஸ் ஒரு படி. அதற்கு மேல் கிரெடிட் ஒரு படி. அதற்கும் மேலே விசேஷத் தேர்ச்சி. குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் வாங்கியவனுக்குச் சர்வகலாசாலையின் மெட்ரிகுலேஷன் பரீட்சையிலிருந்து விலக்குக் கிடைத்தது.

இங்கேதான் வினை ஆரம்பித்தது. சர்வகலாசாலைக்குப் போகிறவர்களைப் பொறுக்கி எடுப்பதற்காக ஏற்பட்ட இந்த விலக்கை, சர்வகலாசாலையோடு ஸ்நானப்பிராப்தி கூட இல்லாத வர்த்தக ஸ்தாபனங்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும், கடிதம் நகலெடுக்கும் ஒரு பையனை வேலைக்கு வைத்துக்கொள்வதற்குக் கூட, யோக்கியதாம்சமாகக் கேட்கத் தொடங்கின. சர்டிபிகேட்டில் பாஸ் இருந்தால் போதாதா என்றால், போதாது, மெட்ரிக் விலக்குப் பெற்றவனா என்று சொல் என்றார்கள். ஆக, படித்தவன் யார், படிக்காதவன் யார் என்று பிரிக்கும் கோடு, அரசாங்கம் போட்ட இடத்தில் நிற்காமல் ஒரு படி மேலேறி, கிரெடிட் என்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

1943-இல் நார்வுட் என்பவரின் தலைமையில் கூடிய கமிட்டி இந்தப் பரீட்சையின் பிடியிலிருந்து பள்ளிக்கூடங்களை விடுவிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. காலக்கிரமத்தில் ஆசிரியர்களே தங்கள் மாணவர்களைச் சோதித்து மதிப்பிட்டால் போதும் என்பது அவர்கள் விருப்பம். அதே கமிட்டிதான், குழந்தைகளின் மூளை இயற்கையிலேயே மூன்று வகை என்றும், ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றும் ஒரு சித்தாந்தத்தை வெகு நிச்சயத்தோடு எழுதி வைத்தது. அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், பெரிய மனிதர்கள் சொன்னதே ஆதாரம். விருப்பம் நிறைவேறவில்லை; சித்தாந்தம் மட்டும் நிலைத்தது. 1944-ஆம் வருஷக் கல்விச் சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் உயர்நிலைக் கல்வி உண்டு என்றது. பதினோராம் வயதில் இலெவன் பிளஸ் என்ற பரீட்சை வைத்து, தேறிய சிறுபான்மையை கிராமர் ஸ்கூலுக்கும், மிச்சப் பெரும்பான்மையை செகண்டரி மாடர்ன் பள்ளிக்கும் பிரித்து அனுப்பும் வழக்கம் நாட்டின் பெரும்பகுதியில் வேரூன்றியது. மூன்றாவது வகையான தொழில்நுட்பப் பள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததோடு சரி.

1951-இல் ஸ்கூல் சர்டிபிகேட் போய், ஜி.சி.இ. வந்தது, அதன் சாதாரண நிலைதான் ஓ லெவல், உயர்நிலை ஏ லெவல். புதிய பரீட்சையில் தொகுதி என்ற விலங்கு கழன்றது. ஒரே பாடத்தில் தேறினாலும் அந்த ஒன்றுக்குச் சர்டிபிகேட் உண்டு. இது பெரிய சௌகரியம் என்பதில் ஐயமில்லை. ஜான் மேஜர் மூன்றும் மூன்றும் ஆறு என்று தவணை முறையில் தேற முடிந்ததே இந்த மாற்றத்தால்தான். ஆனால் கொடுத்த கையாலேயே ஒன்றைப் பிடுங்கியும் கொண்டார்கள். பழைய கிரெடிட் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் புதிய பாஸ் வைக்கப்பட்டது. பழைய பரீட்சையில் கௌரவமாக பாஸ் என்று எழுதி வாங்கியிருக்கக் கூடிய ஒரு பையன், அதே அறிவோடு, அதே விடைத்தாளோடு, புதிய பரீட்சையில் தோற்றவனாக வீடு திரும்பினான். போதாக்குறைக்குப் பதினாறு வயது நிரம்பாதவர்கள் எழுதக் கூடாது என்று ஆரம்பத்தில் ஒரு விதியும் இருந்தது. பதினைந்து வயதோடு கட்டாயப் படிப்பு முடிந்துபோகும் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு, அந்தப் பரீட்சைக்கு நீ வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்வதற்கு இதைவிட நல்ல உபாயம் அகப்படாது.

முதல் இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு ஓ லெவலில் பகிரங்கமான தரம் எதுவும் கிடையாது. தேறினான், தேறவில்லை, அவ்வளவுதான். பரீட்சை போர்டுகளில் சில, தம் உபயோகத்துக்காகவும் பள்ளிக்கூடங்களின் தகவலுக்காகவும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் போட்டு, ஆறு வரை தேர்ச்சி, ஏழிலிருந்து தோல்வி என்று வைத்துக்கொண்டதுண்டு. ஆனால் சர்டிபிகேட்டில் அது ஏறாது. தோற்ற பாடங்களும் ஏறா. ஆகையால் எட்டுப் பாடம் எழுதி இரண்டில் தேறியவனின் சர்டிபிகேட்டும், இரண்டே பாடம் எழுதி இரண்டிலும் தேறியவனின் சர்டிபிகேட்டும் பார்வைக்கு ஒன்றுதான். தோல்வியை மறைத்துக்கொள்ளும் இந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய மார்க்குப் பட்டியல்களுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

கோடு என்று சொல்லிக்கொண்டே வருகிறேனே, அது ஆண்டுதோறும் எந்த இடத்தில் விழுந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வினாத்தாள் ஓராண்டு கடினமாக அமையும், மற்றோராண்டு எளிதாக அமையும். ஆதலால் இத்தனை மார்க்கு எடுத்தால் பாஸ் என்று கல்லில் பொறித்து வைக்க முடியாது. விடைத்தாள்கள் திருத்தி முடிந்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் மூத்த பரீட்சகர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். சென்ற ஆண்டு மயிரிழையில் தேறியவர்களின் விடைத்தாள்கள் ஒரு கட்டு. இந்த ஆண்டு, உதாரணத்துக்கு, 47, 46, 45, 44 என்று மார்க்கு வாங்கியவர்களின் விடைத்தாள்கள் இன்னொரு கட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, சென்ற ஆண்டின் எல்லையில் நின்றவனுக்கு இந்த ஆண்டில் சமதையானவன் 46-இல் இருக்கிறானா 45-இல் இருக்கிறானா என்று தர்க்கிப்பார்கள். அதற்கிடையில் புள்ளிவிவரக்காரர், நீங்கள் 45 என்று வைத்தால் சென்ற ஆண்டைவிட இத்தனை பேர் அதிகமாகத் தேறுவார்கள் என்று ஒரு காகிதத்தை நகர்த்துவார். கடைசியில் தீர்மானமாவது, விடைத்தாள் பாதி சொன்னதும் புள்ளிவிவரம் பாதி சொன்னதுமாக ஒரு சமரசம். அந்தச் சமரசத்துக்கு ஒரு மார்க்கு கீழே நின்றுவிட்ட பையனுக்கு இதெல்லாம் தெரியாது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் தபால்காரர் கொண்டுவந்து போடும் முடிவைப் பிரித்துப் பார்த்து, தனக்கு சரித்திரம் வராது என்று அவன் ஆயுள் முழுவதும் நம்புவான்.

செகண்டரி மாடர்ன் பள்ளிகள் சும்மா இருக்கவில்லை. உனக்குப் புத்தகப் படிப்பு வராது என்று பதினோரு வயதில் முத்திரை குத்தி அனுப்பப்பட்ட குழந்தைகளில் சிலரை, பிடிவாதமுள்ள சில தலைமை ஆசிரியர்கள் பதினாறு வயது வரை நிறுத்திவைத்து, ஓ லெவல் எழுதவைத்து, தேறவும் வைத்தார்கள். இலெவன் பிளஸ்ஸின் தீர்க்கதரிசனத்துக்கு இது பெரிய அவமானம். ஓ லெவலுக்கு எட்டாத மற்றவர்களுக்கு, எதாவது ஒரு காகிதம் கையில் இருந்தால் தேவலை என்று, பல தனியார் சங்கங்கள் நடத்திய பரீட்சைகள் காளான் போல் பெருகின. இந்தக் குழப்பத்தை ஆராய்ந்த பெலோ கமிட்டி, 1960-இல், ஓ லெவலுக்கு அடுத்த படியில் இருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு பொதுப் பரீட்சை வேண்டும் என்று சிபார்சு செய்தது. அதுதான் சி.எஸ்.இ.; முதல் பரீட்சை 1965-இல் நடந்தது.

ஓ லெவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் சி.எஸ்.இ.யை ஒரு வாக்கியத்தில் கடந்துபோய்விடுவது வழக்கம். அது நியாயமில்லை, யோசனை என்ற அளவில் பார்த்தால் இரண்டில் அதுவே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். ஓ லெவலின் பின்னால் இருந்தவை சர்வகலாசாலைகள், சி.எஸ்.இ.யின் கடிவாளமோ ஆசிரியர்கள் கையில் இருந்தது. பிராந்தியத்துக்கு ஒன்றாகப் பதினான்கு போர்டுகள். பரீட்சை நடத்துவதற்கு மூன்று முறைகள். முதல் முறையில் பாடத்திட்டமும் வினாத்தாளும் போர்டினுடையவை. இரண்டாவதில் பாடத்திட்டம் பள்ளியினுடையது, வினாத்தாள் போர்டினுடையது. மூன்றாவதிலோ பாடத்திட்டத்தை வகுப்பதும், வினாக்களைத் தயாரிப்பதும், திருத்துவதும் எல்லாம் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. அவர்கள் போட்ட மார்க்கு மற்றப் பள்ளிகளின் தராதரத்தோடு ஒத்துப்போகிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து சோதித்து ஒப்பம் போடுவார். வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம் கிராமிய விஞ்ஞானம் என்று ஒரு பாடத்தை வைத்து, மாணவர்கள் வருஷம் முழுவதும் செய்த வேலையையும் குறிப்புப் புத்தகத்தையும் கணக்கில் எடுத்து மார்க்கு போடலாம். ஓ லெவலில் இரண்டரை மணி நேரமோ மூன்று மணி நேரமோ உட்கார்ந்து, ஒரு நீண்ட வசனப் பகுதியைச் சுருக்கியும், ஒரு வியாசம் வரைந்தும் ஆங்கிலப் புலமையை நிரூபிக்க வேண்டியிருந்த காலத்தில், சி.எஸ்.இ. மாணவனோ பரீட்சகர் எதிரில் உட்கார்ந்து வாய் திறந்து பேசியும் மார்க்கு வாங்கினான். நார்வுட் கமிட்டி விரும்பியது கடைசியில் நிறைவேறியது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் கிராமர் ஸ்கூல் பிள்ளைகளுக்கு அன்று.

இந்தப் பரீட்சையின் தர முறையை வகுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வகுத்தார்கள். பாஸ், பெயில் என்ற சொற்களுக்கே அதில் இடமில்லை. ஒன்று முதல் ஐந்து வரை தரங்கள். ஒரு வயதுப் பிள்ளைகளில் மேல்மட்டத்து 20 சதவிகிதம் ஓ லெவலுக்கு உரியவர்கள். அடுத்த 20 சதவிகிதத்தினர் சி.எஸ்.இ.யில் நான்கு பாடங்களுக்குக் குறையாமல் எழுதக் கூடியவர்கள். அதற்கும் அடுத்த 20 சதவிகிதத்தினர் அதைவிடக் குறைவான பாடங்களை எழுதிப் பார்க்கலாம் என்பது ஆதிக் கணக்கு. மிச்சம் 40 சதவிகிதத்துக்கு என்ன என்று கேட்டால், பரீட்சை என்று ஒன்றும் இல்லை. நான்காம் தரம் என்பது, அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்த, சராசரித் திறமையுள்ள பதினாறு வயது மாணவனுக்குக் கிடைக்க வேண்டிய தரம் என்று வரையறுத்தார்கள். முதல் தரம் என்பது, ஓ லெவல் எழுதியிருந்தால் தேறியிருக்கக் கூடியவனின் தரம்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பரீட்சையின் தலையெழுத்து இருந்தது. ஓ லெவலோடு ஓர் ஒட்டு வேண்டும், அப்போதுதான் சி.எஸ்.இ.க்கு மதிப்பு வரும் என்று நினைத்து அந்த முடிச்சைப் போட்டார்கள். போட்டதும், உலகம் அந்த முடிச்சை மட்டும் பார்த்தது. முதல் தரமா, சரி, ஒரு ஓ லெவல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இரண்டோ, மூன்றோ, நான்கோ, எதுவாக இருந்தால் என்ன? சராசரி மனிதனின் சராசரி முயற்சிக்கு அத்தாட்சியாக, வெட்கப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்காகவே ஏற்பட்ட நான்காம் தரம், வேலைக்கு மனுப் போட்ட இடத்தில் ஒரு வெறும் காகிதமாயிற்று. முதல் தரத்தைக் கூட நம்பாத முதலாளிகள் உண்டு. உண்மையிலேயே கெட்டிக்காரன் என்றால் உன்னை ஏன் ஓ லெவலுக்கு அனுப்பவில்லை என்று அவர்கள் கேட்டார்கள். இதற்கு அந்தப் பையன் என்ன பதில் சொல்லுவான்?

சி.எஸ்.இ. முதன்முதலாக நடந்த அதே 1965-இல்தான், கல்வி மந்திரி கிராஸ்லேண்ட், கிராமர் ஸ்கூல் என்றும் செகண்டரி மாடர்ன் என்றும் இருக்கும் பிரிவினையை நீக்கி, எல்லாக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கும் காம்ப்ரிஹென்ஸிவ் பள்ளிகளாக மாற்றும்படி ஸ்தல அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டு சுற்றறிக்கை விடுத்தார். கூரை ஒன்றாயிற்று, பரீட்சை இரண்டாகவே இருந்தது. பதினோரு வயதில் பள்ளிக்கூட வாசலில் நடந்த பிரிவினை, பதினான்கு வயதில் வகுப்பறைக்குள்ளே நடந்தது. மூன்றாம் ஆண்டின் முடிவில் ஆசிரியர்கள் கூடி, இன்னின்னார் ஓ லெவல் வகுப்பு, இன்னின்னார் சி.எஸ்.இ. வகுப்பு என்று பட்டியல் போட்டார்கள். இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு, புத்தகம் வேறு. ஒன்றில் ஏறியவன் மற்றொன்றுக்கு மாறுவது லேசில்லை. எந்தப் பக்கம் என்று துணிய முடியாத பிள்ளைகளை இரண்டுக்குமே அனுப்பினார்கள். ஒரே பெண், ஒரே ரசாயன சாஸ்திரத்தை, ஒரே பருவத்தில், சில வாரங்களே இடைவெளியில், இருவேறு போர்டுகளுக்காக இருமுறை எழுதிய காட்சி அந்நாளில் சர்வசாதாரணம். 1972-இல் கட்டாயப் படிப்பின் வயது பதினாறாக உயர்ந்தபோது, முன்பு பரீட்சைக்கு முன்னமே வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் வகுப்பிலேயே தங்கிவிட, இந்த இரட்டை ஏற்பாட்டின் அசௌகரியம் பன்மடங்காயிற்று.

1975-இல் ஓ லெவலும் தரம் போட ஆரம்பித்தது. ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து எழுத்துகள். அதற்கும் கீழே தரமற்றவர்கள். பழைய பாஸின் எல்லை எதுவோ அதுவே சி-யின் எல்லை என்று அறிவித்தார்கள். டி, இ இரண்டும் முன்பு தோல்வியாக மறைந்து கிடந்த பிரதேசத்திலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. இவை தோல்வியல்ல, தாழ்ந்த அளவிலான சாதனை என்று அதிகாரிகள் விளக்கினார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சி-யும் அதற்கு மேலும் எத்தனை என்று எண்ணினார்கள். சர்க்கார் குமாஸ்தா உத்தியோகத்துக்கு ஐந்து ஓ லெவல் என்றால் ஐந்தும் சி-க்குக் குறையாமல் என்று அர்த்தம். மரக்காலில் எத்தனை புதுக் கோடுகளைச் செதுக்கினாலும், நெல் வாங்க வந்தவன் தலை தட்டுகிற விளிம்பைத்தானே பார்ப்பான்.

இந்தப் பரீட்சை கடல் தாண்டி வந்த கதைக்கு நம்மவரோடு நேரான உறவு உண்டு. கேம்பிரிட்ஜ் சிண்டிகேட் காலனி நாடுகளுக்கென்று நடத்திய ஸ்கூல் சர்டிபிகேட்டில், 1, 2 விசேஷத் தேர்ச்சி, 3 முதல் 6 வரை கிரெடிட், 7, 8 பாஸ், 9 தோல்வி என்று எண் வரிசை ஒன்று இருந்தது. இலங்கையில் எஸ்.எஸ்.சி. என்ற பெயர் போய் ஜி.சி.இ. என்ற பெயர் வந்து, யாழ்ப்பாணத்து வீடுகளில் ஓ.எல். என்பது பெண் பார்க்கும் பேச்சு வரை புகுந்துவிட்டது. எட்டுப் பாடத்திலும் டி என்றால் அந்நாளில் அங்கே விசேஷத் தேர்ச்சி, இங்கிலாந்தின் டி-யோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எழுபதுகளின் நடுவில் சிறீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம், இந்த ஆங்கிலேயச் சொத்து வேண்டாம் என்று அதை எடுத்துவிட்டு என்.சி.ஜி.இ. என்ற தேசியப் பரீட்சையை வைத்துப் பார்த்தது. 1977-இல் ஆட்சி மாறியது; பரீட்சையும் மாறி ஓ.எல்.லே திரும்பி வந்தது. தன் சொந்த நாட்டில் மூடப்பட்ட பின்னும், க.பொ.த. சாதாரண தரம் என்ற பெயரில் அது இன்றளவும் அங்கே நடைபெறுகிறது.

சிங்கப்பூரில் தமிழைத் தாய்மொழிப் பாடமாக எடுத்து ஓ லெவல் எழுதுகிற பிள்ளைகளின் முடிவுத்தாளில் ஏ1, ஏ2, பி3, பி4, சி5, சி6, டி7, இ8, எஃப்9 என்று எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிசை இருக்கிறது. எழுத்து 1975-ஆம் வருஷத்தது. எண்ணோ பழைய கேம்பிரிட்ஜ் சர்டிபிகேட்டினுடையது. அந்தச் சி6-இல் இருக்கும் ஆறு, கிரெடிட்டின் கடைசிப் படி என்று முன்னே சொன்னேனே, அந்த ஆறேதான். அங்கும் 2027 முதல் ஓ லெவல் என்ற பெயர் விடைபெற்றுக்கொள்ள, என் லெவல் என்ற அதன் தம்பியோடு ஒன்றாக இணைத்துப் புதிய சர்டிபிகேட் கொண்டுவர ஏற்பாடாகியிருக்கிறது.

தாய்நாட்டில் இரு பரீட்சைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்ற யோசனை 1970-லேயே எழுந்துவிட்டது. ஸ்கூல்ஸ் கவுன்சில் சிபார்சு செய்தது, சோதனைகள் நடந்தன, 1976-இல் மறுபடி சிபார்சு செய்தது, 1978-இல் வேறொரு கமிட்டி அது நடக்கக் கூடிய காரியம்தான் என்றது, அதற்குள் அரசாங்கம் மாறியது. கடைசியில் அதைச் செய்து முடித்தவர், தாட்சரின் கல்வி மந்திரி சர் கீத் ஜோசப். தராதரம் குறைந்துவிடுமே என்று தம் கட்சிக்காரர்கள் கவலைப்படுவார்கள் என்பதை அறிந்த அந்த மனிதர், 1984 ஜனவரியில் ஷெபீல்டில் கூடிய கல்வி மாநாட்டில், இன்றைக்குச் சராசரி மாணவனிடம் எதிர்பார்க்கிற நிலையை 80 முதல் 90 சதவிகிதம் மாணவர்கள் எட்டும்படி செய்ய வேண்டும் என்றார். அவர் சுட்டிய நிலை சி.எஸ்.இ.யின் நான்காம் தரம். எந்த முதலாளியும் மதிக்காத அந்த நான்காம் தரத்துக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது ஒன்றுதான். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிப்பு வந்தது. ஆசிரியர் போராட்டங்களுக்கு நடுவே 1986-இல் வகுப்புகள் ஆரம்பித்து, 1988 கோடையில் முதல் ஜி.சி.எஸ்.இ. பரீட்சை நடந்தது. ஸ்காட்லாந்து எப்போதும் போல் தனி வழி.

ஏ முதல் ஜி வரை ஏழு தரங்கள். எல்லாமே தரங்கள்தாம், பாஸும் இல்லை, பெயிலும் இல்லை என்று மீண்டும் ஒருமுறை சொல்லப்பட்டது. அந்த ஏழும் எப்படி வகுக்கப்பட்டன என்பதைப் பார்த்தால்தான் ரகசியம் விளங்கும். ஏ, பி, சி மூன்றும் ஓ லெவலின் அதே மூன்று எழுத்துகள். டி முதல் ஜி வரை நான்கும் சி.எஸ்.இ.யின் இரண்டு முதல் ஐந்து வரையிலான தரங்கள். பழைய ஓ லெவல் போர்டுகளும் பழைய சி.எஸ்.இ. போர்டுகளும் கூட்டாகச் சேர்ந்து பரீட்சை நடத்த வேண்டும் என்றவர்கள், மேல் மூன்று தரங்களின் தராதரத்துக்கு ஓ லெவல் போர்டுகள் ஜவாப்தாரி, கீழ் நான்குக்கு சி.எஸ்.இ. போர்டுகள் ஜவாப்தாரி என்று காவலையும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒன்றாக்கிய பரீட்சைக்கு நடுவில், சி-க்கும் டி-க்கும் இடையே, சுவர் அப்படியே இருந்தது.

1992 முதல் அரசாங்கம் ஒவ்வொரு பள்ளியின் தேர்ச்சி விகிதத்தையும் அட்டவணையாக வெளியிடத் தொடங்கியபோது, அந்த அட்டவணையின் தலையான எண், எத்தனை மாணவர்கள் ஐந்து பாடங்களில் சி-க்குக் குறையாமல் வாங்கினார்கள் என்பது. ஐந்து என்ற இந்த எண்ணும் பழைய குமாஸ்தா உத்தியோகத்தின் எண்ணேதான். பள்ளிக்கூடங்கள் வியாபாரப் புத்தியோடு கணக்குப் போட்டன. பி வாங்கும் பெண்ணை ஏ-க்கு உயர்த்தினாலும் அட்டவணையில் ஒன்றும் கூடாது. ஜி வாங்கும் பையனை எஃப்-க்கு உயர்த்தினாலும் கூடாது. டி-யில் நிற்கிறவனை சி-க்கு ஏற்றிவிட்டால் மட்டுமே பள்ளியின் பெயர் ஒரு படி உயரும். ஆகவே மாலை வகுப்பும், விடுமுறை வகுப்பும், அனுபவமுள்ள ஆசிரியரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்ற அந்தச் சிலருக்கே போய்ச் சேர்ந்தன. கோட்டிலிருந்து வெகுதூரத்தில் இருந்தவர்கள், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், கவனிப்பாரற்றுப் போனார்கள்.

1994-இல் ஏ-க்கும் மேலே நட்சத்திரக் குறியிட்ட ஒரு ஏ வந்தது. 2017-இல் இங்கிலாந்து எழுத்துகளையே விட்டொழித்து, 9 முதல் 1 வரை எண்களுக்குப் போயிற்று; இம்முறை ஒன்பது உச்சி, ஒன்று அடி. பழைய ஓ லெவல் எண்களில் ஒன்று உச்சியும் ஒன்பது அடியுமாக இருந்ததை நினைவில் வைத்திருக்கும் தாத்தா, பேத்தி ஒன்பது வாங்கி வந்ததைக் கேட்டுத் திகைத்தால் அவர் பேரில் குற்றமில்லை. புதிய 4-இன் அடி எல்லை, பழைய சி-யின் அடி எல்லையோடு பொருந்த வேண்டும் என்று விதித்தார்கள். பிறகு, உலகத் தராதரத்துக்கு 5 வேண்டும் என்று ஒரு பேச்சுக் கிளம்பி, எது தேர்ச்சி என்று தலைமை ஆசிரியர்கள் குழம்ப, முதல் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில், கல்வி மந்திரி ஜஸ்டின் கிரீனிங், 4 என்பது சாதாரணத் தேர்ச்சி, 5 என்பது பலமான தேர்ச்சி என்று தீர்ப்புக் கூறினார். பாஸ் என்றும் கிரெடிட் என்றும் 1917-இல் இருந்த இரண்டு படிகள் திரும்பி வந்துவிட்டன என்று நினைக்கிறேன். இரண்டில் எது உண்மையான கோடு என்பதை முதலாளிகள் இன்னும் சில ஆண்டுகளில் தீர்மானிப்பார்கள்.

அரசாங்கம் தன்னளவில் தீர்மானித்துவிட்டது. ஆங்கிலத்திலோ கணிதத்திலோ பழைய சி-யை, அதாவது இன்றைய 4-ஐ, எட்டாமல் பள்ளியை விட்டு வரும் பிள்ளை, மேலே எந்தத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தாலும், செங்கல் அடுக்கப் பழகினாலும் சரி, தலைமயிர் கத்தரிக்கப் பழகினாலும் சரி, அந்தப் பாடத்தையும் கூடவே படித்தாக வேண்டும். இல்லையேல் அவன் பேரில் கல்லூரிக்குச் சேர வேண்டிய மானியம் கிடைக்காது. 2014 முதல் இது நிபந்தனை. 3 வாங்கி வந்தவர்கள் அதே ஜி.சி.எஸ்.இ.யையே திரும்ப எழுத வேண்டும். அதற்கென்று ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும் நவம்பர் மாதத்தில் தனியாகப் பரீட்சை வைக்கிறார்கள், தேறுகிறவர்கள் சிறுபான்மை. தேறாதவர்களுக்கு மறுபடியும் கோடையில் ஒரு தவணை உண்டு.